“இன்னும் மூணே மூணு வாய்!”: காய்கறி ஊட்டுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், மூன்று வயதுப் பையனின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் பீன்ஸ் துண்டு, இன்னொரு கையில் பிஸ்கட். “இதைச் சாப்பிட்டா இது.” பையன் பிஸ்கட்டை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. எனக்குப் பதறிவிட்டது. 18 வருடங்களுக்கு முன்னால் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் தினமும் செய்துகொண்டிருந்தது அதேதான்.

சின்னக் குழந்தைகளுக்குச் சாப்பாடு கொடுக்கும் வேலையில் 12 வருடமாக இருக்கிறேன். அதற்கு முன்பு என் இரண்டு பிள்ளைகள். அடித்து ஊட்டக் கூடாது, செல்போனைக் காட்டி ஊட்டக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை இங்கே எழுதப் போவதில்லை. பொறுமையும் பாசமும் உள்ளவர்கள், நல்லது செய்கிறோம் என்று நம்பியே செய்கிற தவறுகள் சில உண்டு. அவற்றைத்தான் சொல்ல வருகிறேன்.

பயத்தை அடம் என்று நினைப்பது

ஒரு வயதில் எதைக் கொடுத்தாலும் வாயைத் திறந்த குழந்தை, இரண்டு வயதில் பச்சையாக எதைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். “நல்லாத்தானே சாப்பிட்டுக்கிட்டிருந்தது, இப்போ அடம் பிடிக்குது” என்று பெற்றோர் தவித்துப்போவார்கள். பழக்கமில்லாத உணவைக் கண்டு தயங்குவது பெரும்பாலும் 2 முதல் 6 வயதுக்குள்தான் உச்சத்தில் இருக்கும். தானாக நடந்து போய்க் கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும் வயது அது. தெரியாததைத் தின்னாமல் இருப்பது அந்த வயதுக்கு ஒரு பாதுகாப்பு.

கசப்பு விஷயமும் அப்படித்தான். தாவரங்களில் இருக்கும் நச்சுப் பொருள்களில் பல கசக்கும். அதனால்தானோ என்னவோ, கசப்பைக் கண்டுபிடிக்க மட்டும் நம் நாக்கில் ஏறக்குறைய 25 வகை உணர்விகள் இருக்கின்றன. இதிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. 1931-இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு பொடி காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் “கசக்கிறது” என்றார். ஃபாக்ஸின் நாக்கிலோ ஒரு சுவையும் தெரியவில்லை. இந்த வேறுபாடு பரம்பரையாக வருவது என்று பின்னால் தெரிந்தது. முட்டைகோஸ், புரோக்கோலி வகைக் காய்களில் இருக்கும் சில பொருள்களும் அந்தப் பொடியைப் போலவே சிலருக்கு மட்டும் அதிகம் கசக்கும். உங்கள் நாக்குக்கு இனிக்கிற முட்டைகோஸ் உங்கள் மகளின் நாக்கில் உண்மையிலேயே கசந்துகொண்டிருக்கலாம். அவள் பொய் சொல்லவில்லை.

காய்க்கு விலையாக இனிப்பைக் கொடுப்பது

இந்த ஒரு தவறைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். மற்றவற்றையெல்லாம் சில வாரங்களில் சரிசெய்துவிடலாம். இதைச் சரிசெய்ய எனக்கு வருடக்கணக்கில் ஆனது.

என் மூத்த மகளுக்கு அப்போது மூன்றரை வயது. பீன்ஸைத் தொடவே மாட்டாள். “அஞ்சு துண்டு சாப்பிட்டா ஐஸ்கிரீம்” என்று ஆரம்பித்தேன். முதல் வாரம் ஐந்தும் உள்ளே போனது. இந்தத் தவறின் ஆபத்தே அங்கேதான் இருக்கிறது: தொடக்கத்தில் அது வேலை செய்யும். இரண்டாவது வாரம் “நாலு போதுமா?” என்றாள். அப்புறம் மூன்று ஆனது. அப்புறம் துண்டு எவ்வளவு நீளம் என்று பேச்சு வந்தது. “இன்னும் மூணே மூணு வாய்” என்று நான் கெஞ்ச, “ரெண்டு” என்று அவள் சொல்ல, ஒவ்வொரு ராத்திரியும் சாப்பாடு முக்கால் மணி நேரம் இழுத்தது.

ஒரு நாள் படுக்கப்போகும் முன் பல் தேய்த்துவிட வாயைத் திறக்கச் சொன்னேன். வலது கன்னத்துக்குள், பல்லுக்கும் சதைக்கும் நடுவில், மூன்று பீன்ஸ் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பச்சை நிறம் போய் வெளுத்து, சாறெல்லாம் இறங்கி, நார் மட்டும் மிச்சம். சாப்பிட்டு எழுந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நடுவில் ஐஸ்கிரீமையும் முழுசாகச் சாப்பிட்டிருந்தாள், அந்தப் பக்கம் படாமல் இடது பக்கமாகவே. விரலை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தேன். அவள் அழவில்லை. “ஐஸ்கிரீமைத் திருப்பிக் கேப்பியாம்மா?” என்று மட்டும் கேட்டாள். அந்தத் துண்டுகளோடு தூங்கியிருந்தால் புரையேறியிருக்குமே என்ற நினைப்பு வந்தது எல்லாம் அதற்கப்புறம்தான்.

அதைவிடப் பெரிய அடி சில நாள் கழித்து வந்தது. முதன்முதலாக ஸ்ட்ராபெர்ரி வாங்கி வந்து தட்டில் வைத்தேன். எந்தக் குழந்தையும் ஆசையாக எடுக்கும் பழம். அவள் அதைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். “இதைச் சாப்பிட்டா என்ன தருவ?”

அவள் கணக்கு சரியானது. ஒன்றைச் சாப்பிடக் கூலி கொடுக்கிறார்கள் என்றால் அது நல்லதாக இருக்க வாய்ப்பில்லை. கூலியாகக் கிடைப்பதுதான் உலகத்திலேயே உயர்ந்த பண்டம். நான் ஒரே கையால் பீன்ஸின் மதிப்பைக் குறைத்து ஐஸ்கிரீமின் மதிப்பை ஏற்றிக்கொண்டிருந்தேன். குழந்தைகளின் உணவுப் பழக்கத்தைப் பல காலம் ஆராய்ந்த லியான் பிர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டியது. ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு என்று சொல்லிக் குடிக்கவைத்த குழந்தைகளுக்கு அந்தப் பானத்தின் மேல் விருப்பம் குறைந்துபோனது. வாய்நிறையப் பாராட்டியே குடிக்கவைத்த குழந்தைகளுக்கும் அதே கதிதான். 2006-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், “சூப்பைக் குடிச்சு முடி” என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட குழந்தைகள், யாரும் ஒன்றும் சொல்லாத சமயத்தில் குடித்ததைவிடக் குறைவாகத்தான் குடித்தார்கள். சூப்பைப் பற்றிக் குறையும் அதிகம் சொன்னார்கள்.

காப்பகத்தில் இதை எடுத்துச் சொன்னால், “ஆனா சாப்பிடுறானே” என்பார்கள். இந்த ஒரு பதிலைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. இன்று வயிற்றுக்குள் போகும் ஐந்து துண்டு பீன்ஸில் இருக்கும் சத்து மிகக் கொஞ்சம். நாளைக்கு நாம் இல்லாத இடத்தில் தானாக அந்தக் காயை எடுப்பானா என்பதுதான் கேள்வி. என் மகள் யாரும் சொல்லாமல் தானே பீன்ஸ் எடுத்துச் சாப்பிட்டபோது அவளுக்கு ஒன்பது வயது. பேரம் நடந்தது இரண்டு வருடம். அதன் தடம் மறைய மூன்றரை வருடத்துக்கு மேல் ஆனது.

அப்படியானால் என்னதான் செய்வது? எலின் சாட்டர் என்ற உணவியல் நிபுணர் சொன்ன பொறுப்புப் பிரிவினை எனக்குக் கைகொடுத்தது. என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. கேட்க எளிதாக இருக்கும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முதல் இரண்டு வாரம் கடினம். தட்டில் காய் இருக்கட்டும், குழந்தை நிச்சயம் சாப்பிடும் ஒரு பொருளும் கூடவே இருக்கட்டும். “சாப்பிடு” என்பதற்குப் பதில், “இது கடிச்சா கறுக்குன்னு சத்தம் வருது” என்று சொல்லிவிட்டு உங்கள் சாப்பாட்டைப் பாருங்கள். “வேண்டாம்” என்றால், “சரி, தட்டுலயே இருக்கட்டும்.” அவ்வளவுதான். இனிப்பு கொடுக்கும் நாளில் சின்னத் துண்டாக வெட்டிச் சாப்பாட்டோடு சேர்த்தே வைத்துவிடுங்கள். முதலில் அதைத்தான் தின்னும். தின்னட்டும். கடைசியில் கிடைக்கும் பரிசு என்ற பட்டம் அதற்குப் போய்விடும்.

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். பட்டாணி அளவுத் துண்டைச் சுவைத்துப் பார்த்ததற்கு ஒரு ஸ்டிக்கர் கொடுப்பது சில ஆய்வுகளில் நல்ல பலன் தந்திருக்கிறது. அங்கே பரிசு தின்பண்டம் கிடையாது, அளவும் ஒரு நுனி, அதுவும் சில நாள்களுக்கு மட்டும். பிஸ்கட்டைக் காட்டி ஒரு கிண்ணம் காயை உள்ளே தள்ளுவதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது தடவையே கைவிடுவது

“மூணு தடவை கொடுத்துப் பார்த்தாச்சு, அவளுக்கு அது பிடிக்காது.” பழகாத காயை ஒரு குழந்தை ஏற்றுக்கொள்ள 8 முதல் 15 தடவைகூட ஆகலாம். அதுவும் தட்டில் பார்ப்பது மட்டும் போதாது, நாக்கில் படவேண்டும். துப்புவதற்கு அனுமதி கொடுங்கள். துப்பலாம் என்று தெரிந்த குழந்தைதான் துணிந்து வாயில் வைக்கும். நாங்கள் பக்கத்திலேயே ஒரு காலிக் கிண்ணம் வைத்துவிடுவோம்.

எண்ணிக்கை நம் நினைவில் நிற்காது. பெற்றோரிடம் ஒரு தாளில் கோடு போடச் சொல்வேன். பத்துத் தடவை கொடுத்ததாகச் சத்தியம் செய்தவர்களின் தாளில் பெரும்பாலும் நான்கு கோடுதான் இருக்கும். ஒரே வாரத்தில் ஐந்து புதுக் காய்களை இறக்குவதும் வேண்டாம். ஒரு காயை எடுத்து, இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை, விடாமல்.

எல்லாவற்றையும் குழையக் குழைய வேகவைப்பது

மெல்ல எளிதாக இருக்கட்டும் என்று குழைத்துவிடுகிறோம். முட்டைகோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி மூன்றும் அதிக நேரம் வெந்தால் கந்தக வாடை கிளம்பும். குழந்தை வாயைத் திறக்கும் முன்பே மூக்கு முடிவு செய்துவிடும். ஐந்து நிமிடத்தில் இறக்கிப் பாருங்கள். அல்லது கொஞ்சம் எண்ணெய் தடவி அதிகச் சூட்டில் ஓரம் சிவக்க வாட்டிப் பாருங்கள். கேரட்டும் காலிஃபிளவரும் தித்திப்பாகிவிடும். ஒரு சிட்டிகை உப்பு கசப்பை நன்றாகவே அடக்கும். ஒரு வயது தாண்டிய குழந்தைக்குச் சிட்டிகை அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சில குழந்தைகளுக்குச் சுவையில் தகராறே இருக்காது. வழவழப்புதான் பிடிக்காது. எங்கள் காப்பகத்தில் ஒரு பெண் குழந்தை வேகவைத்த கேரட்டைப் பார்த்தாலே அழுவாள். துருவிய பச்சைக் கேரட்டை விரலால் ஒவ்வொரு இழையாக எடுத்து ஒரு கிண்ணம் காலி செய்வாள். ஆனால் நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குப் பச்சைக் கேரட்டைத் துண்டாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். துருவித்தான் கொடுக்க வேண்டும்.

தட்டை நிறைப்பது

முதல் வருடத்தில் பிறந்த எடையைப் போல மூன்று மடங்கு ஆகிற குழந்தை, இரண்டாவது வருடம் முழுக்க இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும். பசியும் அதற்கேற்பக் குறையும். வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி காய் என்று தொடங்குங்கள். இரண்டு வயதா, இரண்டு கரண்டி. புதுக் காய் என்றால் ஒரே ஒரு துண்டு.

அரைத்து மறைப்பது

சத்து போய்ச் சேரும், மறுக்கவில்லை. ஆனால் மறைத்த காயோடு குழந்தைக்கு எந்த அறிமுகமும் ஏற்படாது. கண்டுபிடித்துவிட்டால் அதுவரை நம்பிச் சாப்பிட்ட உணவையும் ஒதுக்கிவிடும். இளையவன் விஷயத்தில் அப்படி ஒரு நல்ல உணவை நான் இழந்தேன். அரைத்துக் கலப்பதானால், அவனையே பக்கத்தில் வைத்துக்கொண்டு, சொல்லிவிட்டுக் கலக்கவும். அதே காயை முழுத் துண்டாகவும் தட்டோரத்தில் வைக்கவும்.

பால் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டுக்கு உட்காரவைப்பது

ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கும் குழந்தைக்குக் காய்க்கான பசி மிஞ்சாது. இரும்புச்சத்துக் குறைவுக்கும் அதுவே வழி.

குழந்தை காதுபட “இவன் காயே தொடமாட்டான்” என்பது

வேண்டாம். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

உங்கள் தட்டில் இல்லாததை அவன் தட்டில் வைப்பது

முதலில் நீங்கள் சாப்பிடுங்கள்.

நோயையும் அடம் என்று விட்டுவிடுவது

ஒரு பையன் மசித்த உணவைத் தவிர எதையும் விழுங்கமாட்டான். வீட்டிலும் எங்கள் காப்பகத்திலும் பிடிவாதக்காரன் என்றே பேசினோம், நானும்தான். மருத்துவர் பார்த்தபோது தொண்டைச் சதை இரண்டு பக்கமும் வீங்கி வழியை அடைத்திருந்தது. சிகிச்சைக்குப் பிறகு மூன்றாம் மாதம் வெள்ளரித் துண்டைக் கடித்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டினான். அவனிடம் நான் கடுமையாகப் பேசிய நாள்களை நினைத்தால் இப்போதும் வலிக்கிறது.

எடை ஏறாமல் நிற்பது அல்லது இறங்குவது, விழுங்கும்போதெல்லாம் இருமல் அல்லது ஓங்கரிப்பு, அடிக்கடி வாந்தி, நாள்பட்ட மலச்சிக்கல், வெளிறிப்போன முகமும் சோர்வும், சாப்பிடும் பொருள்களின் பட்டியல் மாதத்துக்கு மாதம் சுருங்கிக்கொண்டே போவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். உணவைக் கண்டாலே ஒதுங்கும் தீவிர நிலையை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013 முதல் தனிக் கோளாறாகவே வகைப்படுத்தியிருக்கிறது. அதற்குச் சிகிச்சை உண்டு. போகும்போது, ஒரு வாரம் என்னென்ன சாப்பிட்டது, எதைத் துப்பியது, எப்போது இருமியது என்று எழுதிய தாளையும், சாப்பிடும்போது எடுத்த இரண்டு நிமிட வீடியோவையும் கையோடு கொண்டுபோங்கள்.