டிக்கெட்டில் உங்கள் நம்பர் இருக்கட்டும்

திருவனந்தபுரத்தில் விமானம் ஏற, மார்த்தாண்டம் களியக்காவிளைப் பக்கம் ஏஜென்டிடம் டிக்கெட் போடுகிறவர்கள் உங்கள் சொந்த மொபைல் நம்பரையே பதியச் சொல்லுங்கள். டிக்கெட் கைக்கு வந்ததும் அதைச் சரிபார்த்துவிடுங்கள். ஏஜென்டின் நம்பர் இருந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள்.

புறப்பட 24 மணி நேரம்கூட இல்லாதபோது உள்நாட்டு விமானத்தை ரத்து செய்தால், மாற்று விமானமோ டிக்கெட் பணமோ தருவதோடு இழப்பீடும் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி. பயண நேரம் 1 மணி வரை என்றால் 5,000 ரூபாய், 2 மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து இதைவிடக் குறைவென்றால் அந்தத் தொகைதான். ஆனால் சரியான தொடர்பு விவரம் தராத பயணிக்கு இழப்பீடு கிடையாது என்றும் அதே விதி சொல்கிறது. நியாயமாக வர வேண்டிய பணம் இந்த ஒரு காரணத்தால் போகக் கூடாது. ரத்துச் செய்தியை, வந்த நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விமான நிறுவனம் இழுத்தடித்தால் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் புகார் தளமான ஏர்சேவாவில் புகார் செய்யலாம்.

ஜூன், ஜூலை மழையால் ரத்தானால் இழப்பீடு கேட்க முடியாது. வெறும் தாமதத்துக்கும் இந்தத் தொகை இல்லை. ஆனால் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமென்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம்.