மலையூரில் பழைய மேசைக் கணினி: இரைச்சலையும் சூட்டையும் தணிக்கும் வழி

குன்னூரிலும் உதகையிலும் கூரையில் மின்விசிறி மாட்டாத வீடுகள் ஏராளம். அத்தகைய வீட்டில் சுழலும் ஒரே விசிறி மேசைக் கணினிக்குள் இருப்பதுதான் என்பதால், அது இரையத் தொடங்கினால் அடுத்த அறை வரை கேட்கிறது. "இந்தக் குளிரில் இது எப்படிச் சூடாகும்?" என்று கேட்டுவிட்டு, பலர் அதை வயதான இயந்திரத்தின் முனகலாகக் கருதி விட்டுவிடுகிறார்கள். பழைய கணினிகள் பலவற்றைத் திறந்து பார்த்ததில் எனக்குத் தெளிவானது இதுதான்: காலைநேர இரைச்சலுக்கு மலைக் குளிர் காரணமாக இருக்கலாம், ஆனால் இங்கே ஒரு கணினி சூடானால், அதன் காரணம் பெட்டிக்குள்தான் இருக்கும்.

உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியில் உள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் காற்று அள்ளிச் செல்லும் வெப்பம் குறைகிறது. எனினும் கீழே 34 டிகிரி கொளுத்தும் பிற்பகலில் இங்கே அறை 20 டிகிரியில் இருக்கிறது என்றால், அந்த 14 டிகிரி வேறுபாடு காற்றின் குறையை ஈடுகட்டிவிட்டு மிச்சமும் வைக்கிறது. அவ்வளவு சலுகை இருந்தும் கணினி கொதிக்கிறது என்றால், எங்கோ அடைப்பு இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

முதலில் சத்தம் எந்த நேரத்தில் வருகிறது என்று இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். காலையில் பொத்தானை அழுத்தியதும் கரகரவென்று அரைத்து, பத்து நிமிடத்தில் தானாக அடங்கினால், விசிறியின் அச்சில் உள்ள மசகு வற்றிக் கெட்டியாகியிருக்கிறது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டி என்ன ஆகிறது என்பது நமக்குத் தெரிந்ததுதானே. அதுபோன்ற இறுக்கமே அங்கேயும். தொடக்கத்தில் அமைதியாக இருந்து, வேலை கூடக் கூட 'உய்' என்று ஏறிக்கொண்டே போனால், விசிறியில் கோளாறு இல்லை. சூட்டைத் தணிக்க அது தவிக்கிறது. நேரம் காலம் பாராமல் 'டக் டக்' என்று சீராகத் தட்டினால், ஏதோ ஒரு கேபிள் இறக்கையில் உரசுகிறதா என்று பாருங்கள். அதை ஒரு பிளாஸ்டிக் பட்டையால் ஒதுக்கிக் கட்டினால் போதும்.

திறப்பதற்கு முன் மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்து, எஞ்சிய மின்சாரத்தை வடியவிடுங்கள். தை, மாசி மாதங்களின் உலர்ந்த குளிரில் கம்பளி ஸ்வெட்டரோடு மதர்போர்டைத் தொடுவது நல்லதன்று; கழற்றும்போதே பொறி தெறிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கழற்றி வைத்துவிட்டு, பெயிண்ட் பூசாத கேபினட் இரும்பை ஒருமுறை தொட்ட பின் வேலையைத் தொடங்குங்கள்.

மலையூர்த் தூசி கீழே உள்ள தூசியைப் போன்றதன்று. மூடுபனியின் ஈரமும் விறகுப் புகையும் சேர்ந்து அதைக் கம்பளித் துண்டு போல ஒட்டவைத்துவிடுகின்றன. தேயிலைத் தொழிற்சாலை அலுவலகம் ஒன்றிலிருந்து வந்த கணினியில், விசிறியை மேலிருந்து பார்த்தபோது சுத்தமாகவே தெரிந்தது. விசிறியைக் கழற்றியதும், அதற்கும், கணினியின் மூளையான பிராசஸரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோக மடிப்புகளான ஹீட் சிங்குக்கும் இடையில் பழுப்பு நிறத்தில் அரை விரல் தடிமனில் ஒரு வட்டத் தட்டை இருந்தது. தேயிலைத் தூளின் நார் அப்படியே நெய்ததுபோல் படிந்திருந்தது. விளிம்பில் நகத்தைக் கொடுத்துத் தூக்கியபோது அது அடை போல முழுதாகக் கையோடு வந்தது. ஆகவே மேலோட்டமாக ஊதிவிட்டு மூடுவதில் பயனில்லை. விசிறியைக் கழற்றி, படிவைக் கையால் எடுத்து, ஹீட் சிங்கின் மடிப்புகளை உலர்ந்த பெயிண்ட் பிரஷால் தளர்த்தி, பிறகே ப்ளோயரால் ஊத வேண்டும். ஊதும்போது விசிறியின் இறக்கையை ஒரு பென்சிலால் தடுத்துக்கொள்ளுங்கள். கட்டின்றிச் சுழன்றால் அச்சு கெடும். வாயால் ஊதவே வேண்டாம். குளிரில் புகையாகத் தெரியும் அந்த மூச்சு முழுவதும் நீர்.

காலைநேரக் கரகரப்புக்கு எண்ணெய்தான் மருந்து. விசிறியின் நடுவில் உள்ள ஸ்டிக்கரைப் பாதி உரித்து, உள்ளே ரப்பர் மூடி இருந்தால் அதையும் எடுத்து, தையல் இயந்திர எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டு, இறக்கையைக் கையால் பலமுறை சுற்றுங்கள். தேங்காய் எண்ணெய் கூடாது. ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் பொருளை இந்த ஊரில் அச்சில் விடுவது இருந்த நோயையே மீண்டும் ஊட்டுவதாகும். துருநீக்கும் ஸ்பிரேயும் சில நாள் அமைதி தந்துவிட்டு, இருந்த மசகையும் கரைத்துக்கொண்டு போய்விடும். எண்ணெய் விட்டும் சில மாதங்களில் சத்தம் திரும்பினால், அதே அளவில் பால் பேரிங் விசிறி வாங்கி மாற்றுங்கள். அளவையும் இணைப்பியில் உள்ள துளைகள் மூன்றா நான்கா என்பதையும் குறித்துக்கொண்டு போனால், அதற்காகக் கோவைக்கு இரண்டு முறை இறங்க வேண்டியிருக்காது.

தூசி போன பின்னும் சூடு குறையாவிட்டால், பிராசஸருக்கும் ஹீட் சிங்குக்கும் இடையில் சூட்டைக் கடத்துவதற்காகப் பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். இதைக் குளிர்ந்த நிலையில் பிடுங்கக் கூடாது. கணினியைப் பத்து நிமிடம் ஓட்டி, அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பிடிப்பை விடுவித்து, ஹீட் சிங்கை இடமும் வலமுமாக மெல்லத் திருகித் தளர்த்திய பிறகே தூக்க வேண்டும். பழைய ஏஎம்டி போர்டுகளில் நேராக இழுத்தால் பிராசஸரே கால்களோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பழைய பேஸ்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நடுவில் சிறு பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வையுங்கள். அதிகம் வைத்தால் அதிகம் குளிரும் என்பது தவறு.

இன்டெலின் பழைய நான்கு கால் கூலரை மாட்டும்போது எதிரெதிர் மூலைகளாக 'கிளிக்' என்று கேட்கும்வரை அழுத்துங்கள். ஒரு கால் தூக்கிக்கொண்டு நின்றாலும் செய்த வேலை வீண்.

பிறகு, கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரையான பயாஸில் 'ஹார்டுவேர் மானிட்டர்' என்ற பக்கத்தில் வெப்பநிலையையும் விசிறியின் சுழற்சியையும் பாருங்கள். கோர் 2 டுவோ போன்ற 65 வாட் பிராசஸர் நம் ஊர் அறையில் 50 டிகிரியை ஒட்டி நின்றால் கவலை வேண்டாம். 2004-இல் வந்த பிரெஸ்காட் வகை பென்டியம் 4-இல் வேகம் கூடியவை 115 வாட் வரை தின்பவை; அவற்றிடம் முழு அமைதியை எதிர்பார்க்க முடியாது.

கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் பிரிக்காதீர்கள். மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். வெளியிலிருந்து ஊதிப் பார்த்துவிட்டு, சத்தம் தொடர்ந்தால் அதையே மாற்றிவிடுவது மேல்.

கணினி மேசையின் கதவுள்ள அறைக்குள்ளோ, ரூம் ஹீட்டருக்குப் பக்கத்திலோ பெட்டியை வைக்க வேண்டாம். பின்புறத்துக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். ஆனி, ஆடி மழையில் வேலை இல்லாவிட்டாலும் நாள்தோறும் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். அந்த வெதுவெதுப்பில் உள்ளே இருக்கும் ஈரம் காயும். அணைத்தவுடனே துணி உறையைப் போர்த்தாமல், பெட்டி ஆறிய பிறகு போர்த்துங்கள்.