ஹெபடைடிஸ் சி இருக்கும் வீட்டில் கல்யாண வரவேற்பு: ரத்தப் பரிசோதனையிலிருந்து பந்தி வரை

கல்யாணத்துக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் 'ஆன்டி எச்.சி.வி. – ரியாக்டிவ்' என்று ஒரு வரி வந்துவிட்டால், பல வீடுகளில் அன்றைக்கே மண்டபத்தை ரத்து செய்கிற பேச்சு எழுந்துவிடுகிறது. பொறுங்கள். அந்த வரிக்குப் பொருள், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் (எச்.சி.வி.) எப்போதோ ஒரு முறை இந்த உடலுக்குள் வந்திருக்கலாம் என்பது மட்டும்தான். இப்போதும் ரத்தத்தில் இருக்கிறதா என்பதை 'எச்.சி.வி. ஆர்.என்.ஏ.' என்னும் பி.சி.ஆர். பரிசோதனைதான் சொல்லும். தொற்றியவர்களில் 100-க்குச் சுமார் 30 பேருக்கு மருந்தே இல்லாமல் 6 மாதத்துக்குள் வைரஸ் தானாக அகன்றுவிடுகிறது. அவர்களுக்கும், மருந்து சாப்பிட்டுக் குணமானவர்களுக்கும், 'ரியாக்டிவ்' என்ற அந்த வரி பிற்பாடும் வந்துகொண்டேதான் இருக்கும். இது தெரியாமல் நின்றுபோன சம்பந்தங்கள் உண்டு. பி.சி.ஆர். முடிவு கைக்கு வரும்வரை யாரிடமும் எதையும் முடிவாகச் சொல்லாதீர்கள். இன்னொன்று: போனில் சொல்லும்போது 'எச்.சி.வி.' என்பது எதிர்முனையில் 'எச்.ஐ.வி.' என்று காதில் விழுவது சகஜம். இரண்டும் வேறு வேறு வைரஸ். நேரில், அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

தேதியும் மாத்திரையும்

பி.சி.ஆரிலும் வைரஸ் இருப்பது உறுதியானால், இன்றைக்கு அது குணமாகும் நோய். ஊசி இல்லை, தினமும் மாத்திரை, 12 வாரம், அதாவது 84 நாள். கல்லீரல் சுருக்கம் இல்லாதவருக்கு சோபோஸ்புவிர் 400 மி.கி.யும் டக்ளாடஸ்விர் 60 மி.கி.யும், சுருக்கம் தொடங்கியிருந்தால் சோபோஸ்புவிருடன் வெல்படஸ்விர் 100 மி.கி. இதுதான் இந்தியாவில் வழக்கமான முறை. சுருக்கம் முற்றியவருக்கு ரிபாவிரின் என்னும் மருந்தும் சேரலாம், அல்லது 24 வாரம் நீளலாம். ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் 100-க்கு 95 பேருக்கும் மேல் குணமாகிறார்கள். 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் அரசு சிகிச்சை மையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். கல்யாணச் செலவோடு இந்தச் செலவும் சேர்ந்துவிடுமே என்று தள்ளிப்போட வேண்டிய அவசியமே இல்லை.

நாள் குறிக்கும் கணக்கு இது. முதற்கட்டப் பரிசோதனைகளுக்கு 2 வாரம், மாத்திரைக்கு 12 வாரம், முடிந்தபின் 12 வாரம் கழித்து இறுதி பி.சி.ஆர். மொத்தம் 26 வாரம், ஏறக்குறைய ஆறு மாதம். முகூர்த்தம் அதற்கு முன்னால் வந்தால் தேதியை மாற்ற வேண்டியதில்லை. சிகிச்சையின் நடுவில் தாலி கட்டலாம். மாத்திரை முடியும்வரை கர்ப்பத்தை மட்டும் தள்ளிப்போடுங்கள். ரிபாவிரின் சேர்ந்திருந்தால் அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும். ரிபாவிரின் நின்ற பின்னும் குறைந்தது 6 மாதம் காத்திருக்க வேண்டும்.

கல்யாண வாரத்தில்தான் மாத்திரை தவறும். முகூர்த்தம் 4.30-க்கு என்றால் எழுந்ததே 2 மணிக்கு. காலை மாத்திரை பெட்டியிலேயே கிடந்துவிடும். அந்த வாரத்துக்கு மாத்திரை நேரத்தை மாலை 5 மணிபோல நிதானமான வேளைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் ஒரு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள். சோபோஸ்புவிர்–வெல்படஸ்விர் சாப்பிடுகிறவர், 18 மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் உடனே போட்டுக்கொள்ளலாம்; அதைத் தாண்டிவிட்டால் அடுத்த வேளையில் ஒன்று மட்டும். சேர்த்து இரண்டு போடக் கூடாது.

இதைவிடப் பெரிய தவறு விருந்துக்குப் பிறகு நடக்கிறது. வயிறு எரிகிறதென்று யாரோ ஒரு பான்டோபிரசோலோ ஆன்டாசிட் சிரப்போ நீட்டுவார்கள். வெல்படஸ்விர் கரைந்து உடலில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். அமிலத்தை அடக்கினால் மருந்து பாதியில் வீணாகும். ஆன்டாசிட்டுக்கும் இந்த மாத்திரைக்கும் 4 மணி நேர இடைவெளி விடுங்கள். பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகையை மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். இதயத் துடிப்புக்கு அமியோடரோன் சாப்பிடுகிற பெரியவருக்கு சோபோஸ்புவிர் ஆபத்தாகலாம். வலிப்புக்கான பெனிட்டாயின், கார்பமசெபைன், காசநோய்க்கான ரிபாம்பிசின் ஆகியவை இந்த மருந்துகளைச் செயலிழக்கச் செய்யும். சாப்பிடும் எல்லா மருந்தின் பெயரையும் முதல் நாளே மருத்துவரிடம் எழுதிக் கொடுங்கள்.

யாரிடம் சொல்வது

கட்டிக்கொள்ளப் போகிறவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும், அதுவும் நிச்சயத்துக்கு முன்பு. இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. தம்பதிகளிடையே உடலுறவு வழியாக இது பரவும் வாய்ப்பு மிகக் குறைவு என்றாலும், மறைத்த நோய் என்ற கசப்பு நோயைவிட நீண்ட நாள் இருக்கும். முடிந்தால் இருவரும் சேர்ந்தே மருத்துவரைப் பாருங்கள். அரை மணி நேரத்தில் பாதிப் பயம் போய்விடும். மற்றபடி பெரியப்பா, சித்தி, சமையல்காரர், மண்டப மேலாளர் என யாருக்கும் சொல்ல வேண்டிய கடமை இல்லை. பல் மருத்துவரிடமும் ரத்தம் எடுப்பவரிடமும் சொல்லுங்கள்.

இலையில் பரவாது

ரத்தத்திலிருந்து ரத்தத்துக்கு மட்டுமே இது போகும். ஒரே தட்டில் சாப்பிடுவது, ஒரே டம்ளர், கட்டித் தழுவுவது, முத்தம், தும்மல், கொசு, எதிலும் இல்லை. மணமக்கள் ஒருவருக்கொருவர் பால்பழம் கொடுக்கலாம், கேக் ஊட்டிக்கொள்ளலாம், எச்சில் இலை எடுக்கலாம். நோய் இருக்கும் அத்தை பாயசம் கிண்டலாம். அவருக்கென்று தனித் தட்டு வைப்பது மருத்துவமும் அல்ல, மரியாதையும் அல்ல.

கவனம் தேவைப்படும் இடம் அலங்கார அறை. புடவை கட்டிவிடும்போது ஊக்கு விரலில் ஏறுவதும், அதே ஊக்கு அடுத்தவர் மடிப்பில் போவதும் எல்லாக் கல்யாணத்திலும் நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் போதும். காய்ந்த ரத்தத்தில் இந்த வைரஸ் நாள்கணக்கில் பிழைத்திருக்கும். மணப்பெண்ணுக்குப் புதிய ஊக்கு டப்பா ஒன்று, கொண்டை ஊசி ஒரு பாக்கெட், அவருக்கென்றே வையுங்கள். குத்தின ஊக்கைத் திரும்ப டப்பாவில் போடாமல் மூடியுள்ள பிளாஸ்டிக் பாட்டிலில் போடச் சொல்லுங்கள். இந்த ஏற்பாட்டுக்கு நோய்க்காரர் இருக்க வேண்டும் என்பதே இல்லை. தனக்கு இருப்பதே தெரியாதவர்கள்தான் அதிகம். கண்ணாடி வளையல் போடும்போது உடைந்து கீறுவதும் இதே வகை. மருதாணி வைப்பதில் ஒன்றுமில்லை. கல்யாணத்துக்காக மூக்குக் குத்துவதோ பச்சை குத்துவதோ என்றால், உங்கள் கண்ணெதிரே பிரித்த புது ஊசி; பச்சைக்கு மையும் தனிக் கிண்ணத்தில் ஊற்றியதாக இருக்க வேண்டும்.

மாப்பிள்ளை பக்கம் சவரம். பிளேடை மாற்றுகிறார்களா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். படிகாரக் கல்லை யாரும் பார்ப்பதில்லை. வெட்டுப்பட்ட பத்து கன்னங்களில் தேய்த்த அதே கல்தான் உங்கள் கன்னத்துக்கும் வருகிறது. வீட்டிலிருந்து சொந்தக் கல் ஒன்று எடுத்துப் போங்கள், அல்லது வேண்டாம் என்றுவிடுங்கள். மண்டபத்து அறையில் பத்துப் பேர் தங்கும்போது சவரக்கத்தி, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி, சர்க்கரை பார்க்கும் லான்செட் கருவி நான்கும் கை மாறக் கூடாது.

முதலுதவிப் பையில் கையுறை 5 ஜோடி, பஞ்சு, பிளாஸ்திரி, ஒரு சிறு பாட்டில் பிளீச் திரவம் இருக்கட்டும். தரையில் ரத்தம் சிந்தினால் கையுறையோடு துடைத்துவிட்டு, 1 பங்கு பிளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி 10 நிமிடம் விட்டுத் துடையுங்கள். முன்கூட்டியே கலந்து வைக்காதீர்கள், வீரியம் இறங்கிவிடும். நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி இன்னொருவருக்குக் குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள்; விரலைப் பிழிந்து ரத்தம் எடுப்பதால் பயனில்லை. தடுப்பூசி கிடையாது. அப்படிக் குத்தியதால் தொற்று வருவது 100-ல் 2-க்கும் குறைவு. உடனே ஒரு பரிசோதனை, 3 முதல் 6 வாரத்துக்குள் ஒரு பி.சி.ஆர்., பிறகு 4 முதல் 6 மாதத்துக்குள் ஒன்று.

மேடையில் எத்தனை நேரம்

சிகிச்சையில் இருப்பவருக்குப் பெரும்பாலும் வருவது அசதியும் தலைவலியும்தான். அதோடு மூன்று மணி நேரம் விளக்குச் சூட்டில் நிற்க வைத்தால் யாருக்கும் முகம் வாடும். எனவே வரவேற்பைக் கணக்குப் போட்டு நடத்துங்கள். 600 பேர் வருகிறார்கள், நால்வர் ஒரு குழு என்றால் 150 குழு. ஒரு குழுவுக்கு 40 விநாடி என்றால் 100 நிமிடம். 1 நிமிடம் என்றால் 150 நிமிடம். இருபது விநாடியில் வருகிற வித்தியாசம் 50 நிமிடம்! அந்த இருபது விநாடி எங்கே போகிறது என்றால், மேடையில் செருப்பு தேடுவதிலும், மொய்க் கவரில் பெயர் எழுதுவதிலும், புகைப்படக்காரர் 'இன்னும் ஒன்று' என்று கேட்பதிலும். மொய் மேசையை மேடைப் படிக்குப் பத்தடி முன்பே போடுங்கள். ஏறும் படி ஒன்று, இறங்கும் படி எதிர்ப்பக்கம். குழுவுக்கு ஒரு படம் என்று புகைப்படக்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள்.

மேடையில் முதுகு சாய்கிற நாற்காலி இரண்டு. பெரியவர்கள் வரும்போது எழுந்தால் போதும். இரவு 8 மணிக்குப் பத்து நிமிடம் மணமக்கள் உள்ளே போய்வர வேண்டும் என்று பாட்டுக் கச்சேரிக்காரரிடம் சொல்லிவையுங்கள். அந்த நேரத்தில் ஒரு நல்ல பாட்டு ஓடினால் வரிசையில் நிற்பவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள்.

பந்தியும் அதே கணக்கு. 150 இருக்கை, 600 பேர், நான்கு பந்தி, பந்திக்கு 40 நிமிடம். 7 மணிக்கு முதல் பந்தி போட்டால் 9.40-க்கு முடியும். 'மேடைக்குப் போய்விட்டுச் சாப்பிடலாம்' என்று எல்லோரும் காத்திருந்தால் முதல் பந்தி காலியாக ஓடி, கடைசிப் பந்தியில் சண்டை வரும். சாப்பிட்டுவிட்டும் மேடைக்கு வரலாம் என்று வாசலிலேயே ஒருவர் சொல்லி அனுப்பட்டும்.

மணமக்களை 5.30-க்கே சாப்பிட வையுங்கள். கல்லீரல் சுருக்கம் உள்ளவர் யாராக இருந்தாலும், மணமகளின் அப்பாவாகவே இருந்தாலும், கடைசிப் பந்தி வரை பட்டினி கிடக்கக் கூடாது. அந்தக் கல்லீரலால் சக்தியைச் சேமித்து வைக்க முடியாது. 3, 4 மணி நேரம் வயிறு காய்ந்தாலே உடல் தசையைக் கரைக்கத் தொடங்கும். வாழைப்பழம், சுண்டல், பால் என ஏதாவது இடையில் கொடுங்கள். படுக்கும் முன்னும் ஒரு இட்லி. வயிற்றில் நீர் கோத்தவருக்கு அப்பளம், ஊறுகாய், வற்றல் வேண்டாம். மது சொட்டும் கூடாது. 'இன்றைக்கு ஒரு நாள்தானே' என்று வற்புறுத்தும் நண்பரைத் தடுக்க முன்கூட்டியே ஒருவரை நியமியுங்கள். தலைவலிக்குப் பாரசிட்டமால் போதும், சுருக்கம் உள்ளவருக்கு ஒரு நாளில் 2 கிராமுக்குள். டைக்ளோபினாக், இபுபுரோபன் வேண்டாம்.

பந்தியில் பயப்பட வேண்டிய காமாலை வேறு

கல்யாண வீட்டிலிருந்து மஞ்சள் காமாலை வந்தது என்றால் அது பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ அல்லது ஈ. அசுத்தமான தண்ணீரில் வருபவை. தெரிய இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரை ஆகும் என்பதால் யாரும் விருந்தோடு முடிச்சுப் போடுவதில்லை. ஈ வகை கர்ப்பிணியின் உயிரையே எடுக்கக்கூடியது. ஆளுக்கு அரை லிட்டர் என்றாலும் 600 பேருக்கு 300 லிட்டர். 20 லிட்டர் கேன் 15, கூடுதலாக 5. முத்திரை உடையாத கேன்களை மண்டபத்தில்தான் திறக்க வேண்டும். ரோஸ்மில்க்கிலும் ஜூஸிலும் சாக்குப்பையில் வரும் ஐஸ் கட்டியை உடைத்துப் போடக் கூடாது. அந்த ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று யாருக்கும் தெரியாது. மூடிய பாத்திரத்தை ஐஸுக்குள் வைத்துக் குளிர வைக்கச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். சட்னிக்கும் தயிர்ப் பச்சடிக்கும் காய்ச்சி ஆறிய தண்ணீர். சமையல் ஆட்களின் கழிப்பறையில் சோப்பு இருக்கிறதா என்பதை மாலை நான்கு மணிக்கே நீங்கள் நேரில் போய்ப் பாருங்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு

துணைக்கும் ஒரு முறை பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இருவரும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறார்களா என்று பார்த்து, இல்லையென்றால் போட்டுவிடுங்கள். குணமாகாமல் கர்ப்பமானால் 100 குழந்தைகளில் 5, 6 பேருக்குத் தொற்று போகலாம். சிசேரியன் செய்வதால் அது குறையாது. தாய்ப்பால் கொடுக்கலாம், காம்பு வெடித்து ரத்தம் வரும் நாட்களில் மட்டும் நிறுத்திவையுங்கள்.

கடைசி மாத்திரை சாப்பிட்ட தேதியிலிருந்து 12 வாரத்தை எண்ணி நாள்காட்டியில் வட்டமிடுங்கள். தாலி பிரித்துக் கோர்ப்பது, தலைதீபாவளி என்று ஓடும் மாதங்களில் மறப்பது இந்தத் தேதியைத்தான். அன்றைய பி.சி.ஆரில் வைரஸ் இல்லையென்றால் குணமாகிவிட்டது. அந்த அறிக்கையை லேமினேட் செய்து கல்யாணப் பத்திரிகையோடு பீரோவில் வையுங்கள். பிரசவத்துக்கோ அறுவைச் சிகிச்சைக்கோ போகும்போது மறுபடி 'ரியாக்டிவ்' என்று வரும். அப்போது காட்ட அது கையில் இருக்க வேண்டும்.