வால்பாறை பஸ்ஸில் ஏறும் முன்: பலரும் செய்கிற தவறுகள்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறக்குறைய 65 கிலோமீட்டர், வழியில் 40 கொண்டை ஊசி வளைவுகள், பஸ்ஸில் போனால் இரண்டரை மணி நேரத்திலிருந்து மூன்று மணி நேரம். யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுவார்கள். பலரும் சொல்லாமல் விடுவது, இது சுற்றுலாப் பயணிகளுக்காக ஓடுகிற வண்டி இல்லை என்பதை. எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர்கள், ஆஸ்பத்திரிக்குக் கீழே இறங்கிவிட்டுத் திரும்புகிறவர்கள், காய்கறி மூட்டையோடு வருகிறவர்கள், இவர்களுக்கான லைன் பஸ் இது. அதை மறந்துவிட்டு ஏறுவதால்தான் முக்கால்வாசித் தவறுகள் நடக்கின்றன.

முதலில் சீட். "எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வியூ நல்லா இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே நின்று, கடைசியில் இருந்த ஜன்னலையும் கோட்டை விடுகிறவர்கள் நிறைய பேர். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பஸ் முழுசாகத் திரும்புகிறது, ஒரு வளைவில் உங்கள் பக்கம் பள்ளத்தாக்கு இருந்தால் அடுத்த வளைவில் மலைச்சுவர். ஆக மலை ஏறும்வரை இடமா வலமா என்பதில் பெரிய வித்தியாசமே இல்லை. பார்க்க வேண்டியது முன்னாலா பின்னாலா என்பதுதான். பின் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற சீட்டுகள் வளைவில் வீசிப் போடும், குலுக்கலும் அங்கேதான் அதிகம். பஸ்ஸின் நடுவிலோ அதற்கு முன்னாலோ ஜன்னலோரம் கிடைத்தால் யோசிக்காமல் உட்கார்ந்துவிடுங்கள். கிடைக்கவில்லையா, அவசரமும் இல்லையா, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பது நல்லது. மூன்று மணி நேரம் நின்றுகொண்டு போனால் பக்கத்தில் நிற்பவர் முதுகுதான் தெரியும்.

அப்புறம் வயிறு. பொள்ளாச்சியில் பரோட்டா சால்னாவை ஒரு பிடி பிடித்துவிட்டு ஏறுவது ஒரு தப்பு, வாந்தி வருமோ என்று பயந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஏறுவது அதே அளவு தப்பு. இரண்டு இட்லி போதும். மாத்திரை போடுகிற பழக்கம் உள்ளவர்கள் பஸ் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்னாலாவது போட வேண்டும், பத்தாவது வளைவில் தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டால் அது வேலை செய்வதற்குள் மலை மேலே இருக்கிற அட்டகட்டி ஊரே வந்துவிடும். இதையெல்லாம்விட முக்கியமானது, போனைக் குனிந்து பார்க்காமல் இருப்பது. கண் அசையாத திரையைப் பார்க்கிறது, காது உடம்பு ஆடுவதாகச் சொல்கிறது, இந்த முரண்பாடுதான் குமட்டலுக்குக் காரணம். தூரத்து மலையையோ முன்னால் போகிற சாலையையோ பார்த்துக்கொண்டு வந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

லோம்ஸ் வியூ பாயின்டில் பஸ் நிற்கும், இறங்கி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்து வருகிறவர்களும் உண்டு. ஒன்பதாவது வளைவில் இருக்கிறது அது, கீழே ஆழியாறு அணை மொத்தமும் தெரியும், உண்மையிலேயே அழகான இடம். ஆனால் லைன் பஸ் உங்களுக்காக அங்கே நின்று காத்திருக்காது. கண்டக்டரிடம் கெஞ்சி இறங்கினாலும் அடுத்து வருகிற பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்குமா என்று சொல்ல முடியாது. ஆழியாறும் குரங்கு அருவியும் பார்க்கத்தான் வேண்டும் என்றால், திரும்பி வரும்போது வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பொள்ளாச்சி பக்கம்தான்.

கையையும் தலையையும் வெளியே நீட்டி வீடியோ எடுப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஆனாலும் சொல்கிறேன். மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி, ஆனால் குறுகலான வளைவில் இரண்டு பஸ்கள் சந்தித்துக்கொண்டால் நடுவில் ஒரு சாண் இடைவெளிதான் இருக்கும். இன்னொரு பக்கம் குரங்குகள். பஸ் மெதுவாகும் இடத்தில் ஜன்னலோரம் சிப்ஸ் பாக்கெட் வைத்திருந்தால் அது உங்களுடையது இல்லை. நீங்களாகவே தூக்கிப் போடவும் கூடாது, இது ஆனைமலை புலிகள் காப்பகம். அதிர்ஷ்டம் இருந்தால் சாலையோரப் பாறையிலோ தடுப்புச் சுவரிலோ வரையாடு நிற்கும், மாநில விலங்கை இவ்வளவு பக்கத்தில், அதுவும் பஸ் டிக்கெட் காசுக்கு வேறெங்கே பார்ப்பது!

நான் பார்த்தவரை பெரிய தவறு இதுதான்: வளைவுகளையே பயணம் என்று நினைப்பது. முதல் இருபது வளைவுக்குள் போன் சார்ஜையும் உற்சாகத்தையும் தீர்த்துவிட்டு, அட்டகட்டிக்கு மேலே தூங்கிவிடுகிறார்கள். தேயிலையே அதற்கு மேல்தான் வருகிறது. வாட்டர்ஃபால் எஸ்டேட், பட்டப்பகலிலும் பனிமூட்டம் இறங்கும் கவர்க்கல், அய்யர்பாடி, ரொட்டிக்கடை என்று ஒவ்வொன்றாக வரும்போது முழித்திருக்க வேண்டும். 1890களில் காட்டை அழித்துத் தோட்டம் போட ஆரம்பித்த கார்வர் மார்ஷுக்குச் சாலையோரம் சிலை இருக்கிறது. சுமை தூக்கி மலையேறி மலேரியாவில் செத்த கூலித் தொழிலாளிகளுக்கு அந்தச் சாலையில் அப்படி ஒன்று கண்ணில் படாது. டவுனுக்குச் சற்று முன்னால் புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும். அவை அடிபடாமல் போவதற்காக மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள், தலையைத் தூக்கிப் பார்த்தால் தெரியும்.

ஊட்டி மாதிரி குளிரும் என்று கம்பளி மூட்டை கட்ட வேண்டாம். வால்பாறை சுமார் 3,500 அடி, ஊட்டியின் உயரத்தில் பாதிதான். டிசம்பர், ஜனவரி இரவுக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பிரச்சினை குளிர் இல்லை, மழை. பக்கத்துச் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை கொட்டும் இடங்களில் ஒன்று. அந்த நாட்களில் பஸ் ஜன்னலை எல்லாம் மூடிவிடுவார்கள், மூன்று மணி நேரமும் நனைந்த கண்ணாடியைத்தான் பார்க்க வேண்டியிருக்கும், மண் சரிந்தால் வழியும் அடைபடும். பச்சைப் பசேல் என்று இருக்க வேண்டும், மழையும் அடங்கியிருக்க வேண்டும் என்றால் செப்டம்பர் கடைசிக்குப் பிறகு வாருங்கள். இ-பாஸ் பற்றிக் கவலை வேண்டாம், அது கார், பைக்கில் வருகிறவர்களுக்கு.

தேயிலைக்குள் இறங்கி போட்டோ எடுப்பது இன்னொன்று. தோட்டம் ஒருவருடைய சொத்து, மருந்து அடித்திருப்பார்கள், மழைக்காலமென்றால் அட்டை காலில் ஏறும். அட்டை கடித்தால் பிய்த்து எடுக்காமல் கொஞ்சம் உப்பு வையுங்கள், தானாக விழுந்துவிடும். சாயங்காலத்துக்கு மேல் தோட்டத்துப் பக்கமே போகாதீர்கள், இடுப்பளவுச் செடிக்குள் சிறுத்தை படுத்திருந்தால் வெளியே தெரியாது. யானை பயமும் உண்டு, அது பக்கத்தில் இருந்தால் எச்சரிக்கச் சில இடங்களில் சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள். விளக்கு எரிந்தால் உள்ளூர்க்காரர்களே அந்தப் பக்கம் நடக்க மாட்டார்கள்.

டவுனிலிருந்து நல்லமுடி, சோலையாறு, கருமலை என்று எஸ்டேட் பஸ்கள் போகும், அசல் தேயிலைக் காட்சி அங்கேதான். ஆனால் அவை தொழிலாளர்களின் நேரத்துக்கு ஓடுகிறவை. இறங்கும்போதே கண்டக்டரிடம் "திரும்பி எத்தனை மணிக்குண்ணே?" என்று கேட்டுவிடுங்கள், கடைசி பஸ் எது என்பதையும் சேர்த்து. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் மலை இறங்குவதாக இருந்தால் வழியில் எங்கும் நின்று பஸ் பிடிக்கப் பார்க்காமல், வால்பாறை பஸ் ஸ்டாண்டுக்கே வந்து ஏறுங்கள்.