ரிசர்வ் லைட் எரிந்துவிட்டதா?

"இன்னும் 40 கிலோமீட்டர் ஓடும்" என்று மீட்டர் காட்டினாலும் நம்பி இழுக்காதீர்கள். அது இதுவரை ஓட்டியதை வைத்துப் போடும் கணக்கு. மலை ஏறினால் சட்டென்று குறையும். கொடைக்கானல் போகிறவர்கள் வத்தலக்குண்டிலேயே நிரப்பிவிடுங்கள். ஏற்றத்திலும் வளைவிலும் மிச்சப் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்க, பம்ப் காற்றை இழுத்து இன்ஜின் திணறும்.

இன்றைய பெட்ரோல் கார்களில் பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் அதன் சூட்டைத் தணிக்கிறது. எப்போதும் அடிமட்டத்திலேயே ஓட்டினால் பம்ப்பின் ஆயுள் குறையும். டீசல் வண்டியென்றால் இன்னும் கவனம்: முழுதாக வற்றினால் லைனில் காற்று புகுந்துவிடும். பிறகு டீசல் ஊற்றினாலும் பல வண்டிகள் காற்றை வெளியேற்றாமல் கிளம்பாது.

மாட்டிக்கொண்டால் ஏசியை அணைத்து, சீரான வேகத்தில் பங்க்கைத் தேடுங்கள். முள் கால் டேங்க்கைத் தொட்டதுமே நிரப்பிவிடுவது என் வழக்கம்.