மலைப்பாதையில் போன்: சாரதிகள் வழக்கமாக விடும் தவறுகள்

"காதில் வைத்துப் பேசினால்தான் பொலிஸ் பிடிக்கும்" என்ற நம்பிக்கை ஹட்டனிலும் இருக்கிறது, பண்டாரவளையிலும் இருக்கிறது. அதனால் போனை மடியில் போட்டு ஸ்பீக்கரில் பேசுகிறார்கள், ஹெல்மெட்டுக்குள் செருகுகிறார்கள், ஸ்டியரிங்குக்குக் கீழே மறைத்து மெசேஜ் பார்க்கிறார்கள். உடனடித் தண்டப்பணம் விதிக்கக்கூடிய 33 குற்றங்களின் பட்டியலில், வாகனத்தைக் கட்டுப்படுத்துவதற்கு இடையூறான செயல்கள் என்றே ஒரு வரி உண்டு. காது, வாய் என்று அது பிரித்துச் சொல்லவில்லை. விபத்தைத் தவிர்க்க வேண்டியது சாரதியின் கடமை என்று 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் வேறு சொல்கிறது. ஆகவே "நான் காதில் வைக்கவில்லையே சேர்" என்ற வாதம் வீதியோரத்திலேயே முடிந்துவிடும்.

ஒரு கைதானே என்று நினைப்பது

மலையில் சும்மா இருக்கும் கை என்று ஒன்று கிடையாது. நம் நாட்டு வாகனங்களில் இடது கை கியருக்கு, வலது கை ஸ்டியரிங்குக்கு. ஆட்டோவில் இன்னும் மோசம். இடது பிடியில்தான் கிளச்சும் கியரும் இருக்கின்றன. கிளச்சை அழுத்திக்கொண்டே பிடியைத் திருப்பினால்தான் கியர் மாறும். வலது பிடி எக்ஸிலரேட்டர்.

றம்பொடையிலிருந்து கொத்மலைப் பக்கமாக ஓர் ஆட்டோ இறங்குகிறது என்று வையுங்கள். சாரதியின் இடது கையில் போன். வளைவு வருகிறது, இரண்டாவது கியருக்கு இறக்க வேண்டும், இறக்கக் கை இல்லை. கால் பிரேக்கை மட்டும் மிதிக்கிறார். அடுத்த வளைவிலும் அப்படியே. தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறிப் பிடிப்புக் குறையும். சின்னக் கியரில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிப்பதுதான் இறக்கத்தில் உண்மையான பிரேக், அதைத்தான் போன் பறித்துக்கொள்கிறது. பிறகு "பிரேக் பிடிக்கவில்லை" என்பார்கள். பிரேக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஹெல்மெட்டுக்குள் செருகுவது

மோட்டார் சைக்கிள்காரர்களின் பிடித்தமான வித்தை இது. கன்னத்துக்கும் உள் பஞ்சுக்கும் இடையில் போன் நுழைய வேண்டுமானால் நாடாவைத் தளர்த்த வேண்டும். தளர்ந்த நாடாவுடன் விழுந்தால், தலை தரையைத் தொடும் முன்பே ஹெல்மெட் கழன்று ஓடிவிடலாம். ஓட்டும்போதும் போன் நழுவாமல் இருக்கத் தலை ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். இடப்பக்கம் சாய்ந்த தலைக்கு வலப்பக்க வளைவில் எதிரே வரும் கொழுந்து லொறி தாமதமாகத்தான் தெரியும். குழியில் சக்கரம் இறங்கிப் போன் நழுவும்போது கை தானாகவே அதைப் பிடிக்கப் போகும், அந்த நேரத்தில் முன் பிரேக்கில் விரல் இருக்காது.

ஹேண்ட்ஸ்ஃப்ரீ இருந்தால் போதும் என்பது

போன் பாவித்துக்கொண்டு ஓட்டுகிறவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 4 மடங்கு அதிகம் என்றும், ஹேண்ட்ஸ்ஃப்ரீயால் அது பெரிதாகக் குறைவதில்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கை காலியாக இருந்தாலும் கவனம் பேச்சில் இருக்கிறது. மலையில் இதற்கு ஒரு கூடுதல் தொல்லை, சிக்னல். ஒரு மலைமறைவில் நுழைந்ததும் குரல் விட்டுவிட்டு வரும். "ஹலோ, ஹலோ, கேட்குதா?" என்று கத்திக்கொண்டே கண் திரைக்குப் போகும். இரண்டு காதிலும் இயர்போன் என்றால், வளைவுக்கு அப்பால் பஸ் அடிக்கும் ஹோன் கேட்காது. ஒற்றைத் தடம் போன்ற தோட்டப் பாதையில் அந்த ஹோன்தான் எதிரே வண்டி வருவதற்கான முதல் அறிகுறி.

"மெதுவாகத்தானே போகிறேன்"

மணிக்கு 40 கிலோமீட்டரில் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் போகிறது. ஆட்டோவுக்குச் சட்டம் தரும் உச்ச வேகமே அதுதான். மெசேஜ் பார்க்க 2 விநாடி என்றால் 22 மீட்டர். கொண்டை ஊசி வளைவில் அந்தத் தூரத்துக்குள் வீதி திரும்பி முடிந்திருக்கும், வண்டிதான் நேராகப் போயிருக்கும். இரவில், அதுவும் நுவரெலியா, ஹக்கலைப் பக்கத்துப் பனிமூட்டத்தில், பிரகாசமான திரையைப் பார்த்த கண் மறுபடி இருட்டுக்குப் பழக நேரம் எடுக்கும். அந்த நேரம் இந்த 2 விநாடிக்கு மேலதிகம்.

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் வாகனங்கள் வரிசையாக நிற்கும்போது போனை எடுப்பவர்களும் உண்டு. ஏற்றத்தில் பிரேக்கிலிருந்து கால் கொஞ்சம் தளர்ந்தாலும் வண்டி பின்னுக்கு உருளும். பின்னால் நிற்பது பெரும்பாலும் ஒரு மோட்டார் சைக்கிள். டெவன் நீர்வீழ்ச்சியை ஓடும் வண்டியிலிருந்து படம் பிடிக்கிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கே இறங்கி நின்று பார்க்க இடம் இருக்கிறது.

நிறுத்துவதிலும் தவறு

போன் வந்ததும் நிறுத்துவது சரி, வளைவுக்குள்ளேயே நிறுத்துவது சரியல்ல. முன்னும் பின்னும் ஐம்பது, அறுபது மீட்டருக்காவது உங்கள் வண்டி தெரியும் நேரான இடம் வரும்வரை போங்கள். கோவில் முன்வெளி, கடை வாசல் நல்லது, பஸ் நிறுத்தம் வேண்டாம். இடது சிக்னல் போட்டு ஒதுங்குங்கள். மழைக்காலமென்றால் ஓரத்து மண்ணையும் கானையும் பார்த்துக்கொள்ளுங்கள், புல் மூடிய கானில் சக்கரம் இறங்கினால் அன்றைய பயணம் அவ்வளவுதான். ஹேண்ட் பிரேக் போட்டு, ஏற்றத்தைப் பார்த்து நின்றால் முதலாம் கியர், இறக்கத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியர். வண்டி நழுவினாலும் மலைப்பக்கம் போய் முட்டும்படி முன்சக்கரத்தைத் திருப்பிவிட்டு, நான்கு சிக்னலையும் எரியவிடுங்கள்.

மேப் தேவையென்றால் புறப்படும் முன்பே வழியைப் போட்டு, அந்தப் பகுதியின் ஆஃப்லைன் மேப்பையும் இறக்கிவையுங்கள். மேப் குறுக்கு வழி என்று காட்டுவது பல வேளை தோட்டத்துக் கொங்கிரீட் பாதையாக இருக்கும். ஓட்டிக்கொண்டே வழி மாற்றத் திரையைக் குத்த வேண்டி வருவது அங்கேதான். ஐபோனில் 'செட்டிங்ஸ்', 'ஃபோகஸ்', 'டிரைவிங்' என்று போனால், ஓட்டும்போது மெசேஜ் அனுப்புகிறவருக்குத் தானாகவே பதில் போகும். பஸ்ஸில் இந்தச் சிக்கலே தேவையில்லை, போனைக் கண்டக்டரிடம் கொடுத்துவிடலாம். ஸ்கூல் வேன் சாரதிக்குக் காலை ஆறே முக்காலுக்கு அழைத்து "எங்கே வாறீங்க?" என்று கேட்கும் பெற்றோரும் இந்தத் தவறில் பங்காளிகள்தான். வேனில் இருப்பது அவர்கள் பிள்ளைகள்.

தண்டம் எழுதிய பிறகு

பொலிஸார் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு தரும் சீட்டே 14 நாளைக்குத் தற்காலிக அனுமதி. அதற்குள் தபால் நிலையத்தில் பணம் கட்டி, ரசீதைத் தண்டம் எழுதிய பொலிஸ் நிலையத்தில் காட்டினால் லைசன் திரும்பக் கிடைக்கும். 14 நாள் தாண்டினால் 28ஆம் நாள்வரை இரட்டிப்புத் தொகை, அதற்கும் பிறகு நீதிமன்றம். பதுளைக்காரர் கினிகத்தேனையில் மாட்டினால் லைசனை எடுக்க அவ்வளவு தூரம் திரும்பிப் போக வேண்டும் என்பதைக் கணக்கில் வைத்து, கட்டும் நாளைத் தள்ளிப்போடாதீர்கள். சம்பவ இடத்திலேயே "ஏதாவது பார்த்துச் செய்வோம்" என்று நோட்டை நீட்டுவது இலஞ்சக் குற்றம், போன் குற்றத்தைவிடப் பெரியது.

ஆள் இறந்துபோனால் தண்டச் சீட்டுக்கு அங்கே வேலையில்லை. கவனயீனத்தால் மரணம் விளைவித்தல் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவில் வருகிறது, சிறைத்தண்டனை 5 ஆண்டுவரை போகலாம். விபத்து நேரத்தில் யாருடன் பேசிக்கொண்டிருந்தீர்கள் என்பது போனிலேயே பதிந்திருக்கும்.