கீமோ போட்டு வீட்டுக்கு வந்த பிறகு செய்யக்கூடாத சில தவறுகள்

கேன்சருக்கான கீமோ மருந்தை ஏற்றுவது ஆஸ்பத்திரியில் சில மணி நேர வேலைதான். அதற்கப்புறம் அடுத்த சைக்கிள், அதாவது அடுத்த தவணை கீமோ, வரைக்கும் உள்ள இரண்டு மூன்று வாரமும் வீட்டில்தான் கழிகிறது, பக்கவிளைவுகளில் பெரும்பாலானவை வருவதும் அப்போதுதான். வீட்டில் இருப்பவர்கள் நல்ல எண்ணத்தோடு செய்கிற சில காரியங்களே நோயாளிக்குக் கெடுதலாக முடிவதைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது.

முதலில் காய்ச்சல். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள். பெரும்பாலான கீமோ மருந்துகளில், போட்ட 7 முதல் 14 நாளுக்குள் ரத்தத்தில் தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அந்த நாட்களில் உடம்பு லேசாகச் சுட்டால் நம் வீடுகளில் நடப்பது என்ன? நெற்றியைத் தொட்டுப் பார்த்து, ஒரு பாராசிட்டமால் கொடுத்து, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்க வைப்பது. மாத்திரை சூட்டை இறக்கிவிடும், ஆனால் தொற்று உள்ளே பரவிக்கொண்டே இருக்கும், சில மணி நேரத்திலேயே ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கு ஆபத்தாகிவிடலாம். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம் இருக்க வேண்டும். அது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் நடுராத்திரி ஆனாலும் கிளம்ப வேண்டியதுதான். காய்ச்சலே இல்லாமல் குளிர் நடுக்கம் வந்தாலும், ஆள் திடீரென்று சோர்ந்து குழப்பமாகப் பேசினாலும் அதே அவசரம். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது மருத்துவ நெறிமுறை, அதனால் ஓபி வரிசையில் உட்காராமல் "கீமோ போட்டிருக்கு, இப்போ காய்ச்சல்" என்று வாசலிலேயே சொல்லுங்கள்.

அடையாறுக்கோ வேலூருக்கோ காஞ்சிபுரம் காரப்பேட்டைக்கோ கேன்சர் சிகிச்சைக்காக வெளியூரிலிருந்து வந்து போகிறவர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல். ராத்திரி காய்ச்சல் வந்தால் எங்கள் ஊர்ப் பக்கம் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, யாருக்குப் போன் செய்வது என்று கீமோ முடிந்து கிளம்பும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடைசியாகப் போட்ட மருந்தின் பெயரும் தேதியும் ஃபைலில் மேலாக இருக்கட்டும். பக்கத்துத் தெரு கிளினிக்கில் இடுப்பில் ஊசி போட்டுக்கொள்வதும், உடம்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு புரூஃபென் வகை மாத்திரை வாங்கிப் போடுவதும் வேண்டாம், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருந்தால் ரத்தக்கசிவு வரலாம்.

வாந்தி மாத்திரையை வாந்தி வந்தபிறகுதான் போடுவேன் என்று பலர் எடுத்து வைத்துவிடுகிறார்கள். அது முன்கூட்டியே தடுக்கிற மருந்து, எழுதிக்கொடுத்த நேரத்துக்கு விழுங்கினால்தான் பலன். ஒண்டான்செட்ரான் என்ற வாந்தி மாத்திரை மலச்சிக்கலைக் கொண்டுவரும், அதற்கும் சேர்த்து மருந்து கேட்டு வாங்குங்கள். கூடவே தருகிற ஸ்டீராய்டு மாத்திரை சர்க்கரையை ஏற்றும் என்பதால், நீரிழிவு உள்ளவர்கள் அந்த நாட்களில் அடிக்கடி சோதித்துப் பார்க்க வேண்டும்.

அப்புறம் சாப்பாடு. "சர்க்கரை சாப்பிட்டால் கேன்சர் வளரும்" என்று யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை நம்பி, ஏற்கெனவே நாக்கு கசந்து கிடக்கிற ஆளுக்குச் சோறு, பால், பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் ஜூஸிலும் கஞ்சியிலும் வைத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் கோபம் வருவது இதில்தான். எடை இறங்க இறங்க உடம்பு கீமோவைத் தாங்காது, சைக்கிள் தள்ளிப்போகும். முட்டை, பருப்பு, மீன், பனீர் என்று புரதம் தினமும் வேண்டும், ஒரே வேளையில் முடியாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை கொடுங்கள். எல்லாம் நன்றாக வெந்திருக்க வேண்டும். பச்சை முளைப்பயறும் வெளியில் வெட்டி வைத்த பழமும் இப்போதைக்கு வேண்டாம். வாய்ப்புண் இருந்தால் உப்பும் ஆப்ப சோடாவும் கலந்த தண்ணீரில் அடிக்கடி கொப்பளிக்கலாம், ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரிச்சலைக் கூட்டும்.

மூலிகை விஷயம் சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கும், சொல்லாமலும் இருக்க முடியாது. குழம்பில் போடுகிற மஞ்சளால் ஒன்றும் ஆகாது. மஞ்சள் கேப்சூல், சீந்தில் பொடி, பெயர் தெரியாத லேகியம் எல்லாம் வேறு கணக்கு. பல கீமோ மருந்துகளைக் கையாளுவது கல்லீரல்தான், அதே கல்லீரலில் இவையும் போய்ச் சேருகின்றன. கொரோனா காலத்தில் சீந்தில் தொடர்ந்து சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எதையாவது கொடுத்தே ஆகவேண்டும் என்றால், பாட்டிலை எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

என்ன மருந்து ஏறுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் தவறுதான். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து போட்டவர் ஃப்ரிட்ஜ் தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகி மூச்சே நின்றது போலிருக்கும், சில நாட்களுக்குக் குளிர்ந்ததைத் தொடவே கூடாது. டாக்ஸோரூபிசின் போட்டால் ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், அது மருந்தின் நிறம், பயப்பட வேண்டாம். எந்தக் கீமோவானாலும் முதல் 48 மணி நேரம் நோயாளியின் சிறுநீர், வாந்தி, அழுக்குத் துணியைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையே அவருக்கு வேண்டாம்.

கடைசியாக, மறைப்பது. "அப்பாவுக்குத் தெரிந்தால் உடைந்துபோவார், வயிற்றில் கட்டி கரைய ஊசி என்று சொல்லி வைத்திருக்கிறோம்" என்கிற வீடுகள் இன்னும் ஏராளம். தனக்கு என்ன சிகிச்சை நடக்கிறது என்றே தெரியாதவர், லேசான குளிரை ஏன் உங்களிடம் சொல்லப்போகிறார்? தெரிந்தவர்களும் பிள்ளைகளுக்குத் தொந்தரவு என்று பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்கிறார்கள், மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் வேறு. சொன்னால் அளவைக் குறைக்கவோ, ஒரு வாரம் தள்ளவோ, மருந்தை மாற்றவோ டாக்டரால் முடியும். முக்கியமாக விரல் மரத்துப்போவது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, செருப்பு காலைவிட்டுக் கழன்றதே தெரியவில்லை என்ற நிலை வந்திருந்தால், அடுத்த கீமோ ஏறுவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். நரம்பு பாதிப்பு முற்றிவிட்டால் சிகிச்சை முடிந்தபிறகும் அது முழுதாகச் சரியாகாமல் போகலாம்.